நோய் மாதிரிக்கு எந்த விலங்கு? பழ ஈ முதல் பன்றி வரை ஓர் ஒப்பீடு

பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாடுகளையோ, நீரிழிவு, உடற்பருமன் போன்ற நோய்களையோ ஆராயத் தொடங்கும் முனைவர் பட்ட மாணவர்களும், தம்மிடம் வந்த குடும்பத்தின் மரபணுச் சோதனை அறிக்கையில் இதுவரை எங்கும் பதிவாகாத ஒரு பிறழ்வைக் கண்ட மருத்துவர்களும் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: இந்நோயின் மாதிரியை எந்த விலங்கில் உருவாக்கிப் பார்ப்பது? நிறுவனத்தின் விலங்கு வளர்ப்பகத்தில் எது இருக்கிறதோ, வழிகாட்டிக்கு எது பழக்கமோ அதுவே பெரும்பாலான நேரங்களில் விடையாகிவிடுகிறது. அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் வரிசையில் கடைசியாக வரவேண்டிய காரணம்.

பழ ஈ, ஜீப்ரா மீன், சுண்டெலி, எலி, பன்றியும் நாயும் பூனையும் அடங்கிய பெரிய விலங்குகள் என்னும் ஐந்து தெரிவுகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. விலங்கே வேண்டாம் என்ற ஆறாவது தெரிவைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டியுள்ளது.

## முதலில் அளவுகோல்கள்

விலங்கைத் தவறாகத் தெரிந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளின் வரலாறு நல்ல சான்று. 1970களில் ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோ, பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த காம்பாக்டின் என்ற சேர்மத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் இரத்தக் கொலஸ்ட்ரால் இறங்கவேயில்லை. மருந்து தடுத்த நொதியை எலியின் கல்லீரல் பன்மடங்காக உற்பத்தி செய்து ஈடுகட்டிவிட்டது. கொலஸ்ட்ராலை மிகுதியாக உருவாக்கும் முட்டையிடு கோழிகளுக்குக் கொடுத்த பின்னரே மருந்தின் விளைவு தெரிந்தது. பிறகு நாய்களிலும் அது உறுதியாயிற்று. எலியில் கிடைத்த விடை பொய்யன்று. அது எலியைப் பற்றிய விடை, அவ்வளவுதான்.

எனவே முதல் அளவுகோல், பழுதடைந்த வேதிப்பாதை அந்த விலங்கில் மனித உடலில் உள்ளவாறே இருக்கிறதா என்பது. மரபணு ஒன்றாக இருப்பது போதாது. அந்த மரபணு வேலை செய்யாதபோது சுமையை ஏற்றுக்கொள்ளும் மாற்றுவழி ஏதேனும் உண்டா என்று பார்க்கவேண்டும். என் மதிப்பீட்டில் ஏனைய அளவுகோல்கள் அனைத்தையும்விட இதுவே எடை மிகுந்தது. ஆய்வு முன்மொழிவுகளில் மிகக் குறைவாக எழுதப்படுவதும் இதுவே.

இரண்டாவது, நாம் கேட்கும் கேள்வியின் தன்மை. "இந்தப் பிறழ்வுதான் நோய்க்குக் காரணமா?", "நோய் எவ்வழியில் உறுப்பைச் சிதைக்கிறது?", "இச்சிகிச்சை பலிக்குமா?", "எவ்வளவு கொடுப்பது, எதுவரை பாதுகாப்பு?" என்பவை நான்கு தனித்தனிக் கேள்விகள், ஒரே விலங்கு நான்கிற்கும் சிறந்த விடை தருவது அரிது. மூன்றாவது, உறுப்பின் அளவும் ஆயுளும். நான்காவது, எத்தனை முறை, எவ்வளவு இரத்தமோ திசுவோ எடுக்க இயலும் என்பது. ஐந்தாவதாகக் காலம், பணம், ஆள், அனுமதி ஆகியவை வருகின்றன. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மேற்பார்வைக் குழுவில் வளர்ப்பகம் பதிவாகியிருக்கவேண்டும். சிறு விலங்குகளுக்கு நிறுவன விலங்கு நெறிக்குழுவே ஒப்புதல் தரலாம், பெரிய விலங்குகளுக்கு விண்ணப்பம் மேற்பார்வைக் குழு வரை செல்லவேண்டும்.

| விலங்கு | ஒரு தலைமுறைக்குரிய காலம் | இரத்த, திசு மாதிரி எடுப்பு | சிறப்பாக விடை தரும் கேள்வி | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| பழ ஈ | 25 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 10 நாள் | பல ஈக்களைச் சேர்த்தே அளக்கமுடியும் | பிறழ்வு தீங்கானதா | குப்பிகளை ஓயாமல் மாற்றும் உழைப்பு |
| ஜீப்ரா மீன் | ஏறத்தாழ 3 மாதம் | குஞ்சுகளில் முழு உடலையும் அரைத்தே அளக்கவேண்டும் | உறுப்பு உருவாக்கம், மருந்துத் தேடல் | இரட்டை மரபணுக்கள், நீர்த்தரப் பராமரிப்பு |
| சுண்டெலி | ஏறத்தாழ 10 முதல் 12 வாரம் | மொத்த இரத்தமே 2 மில்லிலிட்டருக்கு உட்பட்டது | நோய் இயங்கும் முறை, சிகிச்சையின் முதற்சான்று | இனப்பெருக்கக் கணக்கு, மரபுப் பின்னணி |
| எலி | ஏறத்தாழ 3 மாதம் | தொடர்ந்து பலமுறை எடுக்கலாம் | உடலியங்கியல், நடத்தை, உணவு | கூண்டிடம், குறைவான மரபு இரகங்கள் |
| பன்றி, நாய், பூனை | ஏறத்தாழ ஓராண்டு | மருத்துவமனைச் சோதனைகள் அப்படியே பொருந்தும் | அளவு, நீண்டகால விளைவு | அனுமதி, கால்நடை மருத்துவர், சிறிய எண்ணிக்கை |

## சுண்டெலி: வளமும் பொறியும்

சுண்டெலியின் வலிமையைச் சொல்ல ஒரு தொடர் நிகழ்வு போதும். 1949இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், அளவின்றி உண்டு பருத்துக்கொண்டே போகும் சுண்டெலிகள் தற்செயலாகத் தோன்றின. பின்னர் அதே ஆய்வகத்தில் பருமனோடு நீரிழிவும் வரும் இன்னோர் இரகம் கிடைத்தது. இவ்விரு வகை விலங்குகளின் இரத்தவோட்டத்தை ஒன்றிணைத்துப் பார்த்த டக்ளஸ் கோல்மன், ஒன்றில் ஏதோ ஒரு சுரப்பு இல்லை, மற்றொன்றில் அச்சுரப்பை ஏற்கும் ஏற்பி இல்லை என்று ஊகித்தார். 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு முதல் இரகத்தில் பழுதான மரபணுவைக் கண்டறிந்தபோது லெப்டின் என்ற இயக்குநீர் உலகுக்குத் தெரியவந்தது. 1997இல் லெப்டின் குறைபாடுடைய குழந்தைகளும் அடையாளம் காணப்பட்டனர். ஆயினும் பருமனாக இருப்போரில் மிகப் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, மிகுதியாகவே இருக்கிறது. பசி எவ்வாறு கட்டுப்படுகிறது என்பதற்கு இச்சுண்டெலி ஈடற்ற மாதிரி. நம் தெருவில் காணும் சாதாரணப் பருமனுக்கு அது பொருத்தமான மாதிரியன்று.

பிறவிக் குறைபாடுகளிலும் இதே இரட்டை நிலைதான். டைரோசின் என்ற அமினோ அமிலம் முழுமையாகச் சிதையாமல் கல்லீரலைக் கெடுக்கும் முதல்வகை டைரோசினீமியாவில் பழுதாகும் நொதியை இழந்த சுண்டெலிகள் பிறந்தவுடன் இறந்துவிடுகின்றன. நிட்டிசினோன் என்ற மருந்தைக் குடிநீரில் கொடுத்தால் பிழைத்து வளர்கின்றன. மருந்தை நிறுத்தினால் கல்லீரல் நோய் தொடங்குகிறது. நோயை ஆய்வாளர் தம் விருப்பப்படி தொடங்கவும் நிறுத்தவும் இயலும் மாதிரி வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை; கல்லீரலுக்கான மரபணுச் சிகிச்சைகள் பல இச்சுண்டெலியிலேயே முதலில் சோதிக்கப்பட்டன.

இனி எதிர்ப்பக்கம். டே-சாக்ஸ் நோயில் ஹெக்சோசமினிடேஸ் ஏ நொதி இல்லாததால் ஒருவகைக் கொழுப்பு நரம்பணுக்களில் தேங்கி, குழந்தை சில ஆண்டுகளில் உயிரிழக்கிறது. அதே மரபணுவைச் சுண்டெலியில் நீக்கினால் விலங்கு நெடுநாள் ஏறக்குறைய நலமாகவே வாழ்கிறது. அதன் உடலில் சயாலிடேஸ் என்ற இன்னொரு நொதி அக்கொழுப்பின் ஒரு பகுதியை வெட்டிவிட, எஞ்சியதை ஹெக்சோசமினிடேஸ் பி சிதைத்துவிடுகிறது. லெஷ்-நைஹன் நோயில் சிறுவர்கள் தம் உதட்டையும் விரல்களையும் கடித்துக்கொள்வர். அதற்குரிய மரபணுவை இழந்த சுண்டெலியில் அந்நடத்தை வரவில்லை, யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் யூரிகேஸ் நொதி அதற்கு இருப்பதால் அமிலம் தேங்குவதுமில்லை. நமக்கு அந்த நொதி இல்லை. சளி தடித்து நுரையீரலையும் குடலையும் அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் மரபணுவை நீக்கி 1992இல் உருவாக்கிய சுண்டெலிகளுக்குக் குடல் அடைப்பு வந்தது; மனித நோயாளிகளை வாட்டும் நுரையீரல் நோய் தானாக வரவில்லை. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைச் சுண்டெலி நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் துகள்களில்தான் சுமக்கிறது. ஆகவே மரபணு மாற்றம் செய்யாத சுண்டெலியில் தமனித் தடிப்பை ஆராய்வது ஏறத்தாழ வீண்முயற்சி.

மறைசெலவுகளில் முதலாவது இனப்பெருக்கக் கணக்கு. ஒற்றைப் பிறழ்வு நகலைச் சுமக்கும் இணையிலிருந்து இரு நகலும் பழுதான குட்டி நான்கில் ஒன்று. அதிலும் ஆண் மட்டுமே வேண்டுமென்றால் எட்டில் ஒன்று. ஒரு குழுவுக்கு 12 ஆண் விலங்குகள் தேவையெனில் 96 குட்டிகள் பிறக்கவேண்டும், அவை ஏறத்தாழ ஒரே வயதிலும் இருக்கவேண்டும். முன்மொழிவில் "12 சுண்டெலிகள்" என்று எழுதுபவர்கள் அந்த 96ஐ எண்ணுவதில்லை. கூண்டு வாடகைச் சீட்டு எண்ணும்.

இரண்டாவது மரபுப் பின்னணி. உலகில் மிகுதியாகப் பயன்படும் கறுப்பு இரகத்தின் ஜாக்சன் கிளை, மைட்டோகாண்டிரிய நொதி ஒன்றுக்குரிய என்என்டி என்ற மரபணுவின் ஒரு பகுதியை இழந்திருக்கிறது. அதன் இன்சுலின் சுரப்பு இயல்பிலிருந்து வேறுபடுகிறது. நம் பிறழ்வுடைய விலங்கு ஒரு கிளையிலிருந்தும், ஒப்பீட்டு விலங்கு வேறொரு வணிக வளர்ப்பகத்தின் கிளையிலிருந்தும் வந்தால், குளுக்கோஸ் வளைகோட்டில் தெரியும் வேறுபாடு யாருடையது என்று சொல்லமுடியாது. ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்க இயலாத ஃபீனைல்கீட்டோனூரியா நோயின் ஆய்வுக்கு மிகவும் பயன்படும் சுண்டெலி, வேதிப்பொருளால் பிறழ்வு உண்டாக்கி முதலில் பிடிபிஆர் என்ற இரகத்தில் பெறப்பட்டது. அந்த இரகத்தின் மூளையில் இரு அரைக்கோளங்களை இணைக்கும் பெருநரம்புப் பாலமே இல்லை. நோயினால் மூளைக்கு வந்த கேட்டை அப்பின்னணியில் அளப்பவர் இதை அறிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது வெப்பம். வளர்ப்பகங்கள் மனிதருக்கு இதமான 22 டிகிரியை ஒட்டி வைக்கப்படுகின்றன. சுண்டெலிக்கு இதமானது 30 டிகிரியை ஒட்டியது. குளிரில் இருக்கும் விலங்கு உடற்சூட்டைக் காக்கவே பெரும்பகுதி ஆற்றலைச் செலவிடுகிறது. சென்னைக் கோடையில் ஏசி ஓரிரவு நின்றுபோனால் அன்றைய உணவு அளவும் ஆற்றல் செலவும் மாறிவிடும். அறையின் வெப்பப் பதிவேடு வளர்சிதை மாற்ற ஆய்வில் தரவின் ஒரு பகுதி என்றே கொள்ளவேண்டும். இரவு முழுதும் பட்டினி போடுவதும் மனிதரின் வெறும்வயிற்றுச் சோதனைக்கு நிகரன்று. சுண்டெலி இரவில்தான் உண்ணும், அந்தப் பட்டினியில் அதன் எடையே கணிசமாகக் குறைந்துவிடும்.

மாற்றுவழிச் சிக்கல் இல்லையென்று உறுதியானால், நோய் இயங்கும் முறையையும் சிகிச்சையின் முதற்சான்றையும் தேடுவோருக்கு இன்றும் சுண்டெலியே முதல் தெரிவு.

## எலி

எலியின் சிறப்பு அதன் உடல் அளவில் இருக்கிறது. 250 கிராம் எடையுள்ள எலியில் ஏறத்தாழ 16 மில்லிலிட்டர் இரத்தம் உண்டு. ஒரே விலங்கிலிருந்து வாரக்கணக்கில் மாதிரி எடுத்து நோயின் போக்கைத் தொடரலாம், அதனால் விலங்குகளின் எண்ணிக்கையும் குறையும். கற்றல், நினைவு தொடர்பான சோதனைகளுக்கும் எலி நன்கு ஒத்துழைக்கும். பருமனுக்கு 1961இல் விவரிக்கப்பட்ட சுக்கர் எலியும், பருமனில்லா நீரிழிவுக்கு ஜப்பானின் கோட்டோ-காகிசாகி எலியும் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் விஸ்டார் என்ற ஆய்வக எலி வழியிலிருந்து தானாகத் தோன்றி வளர்க்கப்பட்ட பருமன் எலி இரகம் நம் நாட்டிலேயே கிடைப்பது. வெளிநாட்டு இறக்குமதிக்கு விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது. பித்த அமிலங்களை ஆராய்பவர் மட்டும் எலிக்குப் பித்தப்பையே இல்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

நம் மருந்தியல் கல்லூரிகளில் மிகப் பரவலான ஒரு முறையைப் பற்றி இங்கே வெளிப்படையாகச் சொல்லவேண்டும். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டு எலிக்கு நீரிழிவை உண்டாக்கி, ஒரு மூலிகைச் சாற்றைக் கொடுத்து, சர்க்கரை குறைந்தது என்று முடிக்கும் ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கணையத்தின் பீட்டா செல்களைக் கொல்லும் நஞ்சு. இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காத இரண்டாம்வகை நீரிழிவு அதனால் மட்டும் வருவதில்லை. சாற்றை ஊசிக்கு முன்போ உடனடியாகவோ கொடுத்தால், அது நீரிழிவைக் குணப்படுத்தியதா, நஞ்சு வேலை செய்வதைத் தடுத்ததா என்று பிரித்தறிய வழியில்லை. குறைந்த அளவு ஊசியில் சில விலங்குகளின் சர்க்கரை தானாகவே இறங்குவதும் உண்டு. மலிவும் விரைவும் இம்முறையின் கவர்ச்சி. இன்சுலின் பற்றாக்குறையின் பின்விளைவுகளை ஆராய அது பொருத்தமானது. இரண்டாம்வகை நீரிழிவுக்கான மருந்து என்று உரிமை கோருவதற்கு, கொழுப்பு மிகுந்த உணவோடு இணைத்த முறையோ மேற்சொன்ன மரபு இரகங்களோ இல்லாமல் அது போதாது.

## ஜீப்ரா மீன்

கங்கை, பிரம்மபுத்திரா ஆற்றுப்படுகைகளுக்கு உரிய இச்சிறு மீனின் கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போன்ற தெளிவோடு வளர்கிறது. 2013இல் வெளியான அதன் முழு மரபணுத் தொகுதி, மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு அதில் இணை உண்டு எனக் காட்டியது. ஒரு பெண் மீன் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதால், ஒரு பிறழ்வின் மீது பல நூறு சேர்மங்களைச் சோதிக்க இதற்கு இணையான முதுகெலும்பி இல்லை. வளர்சிதை மாற்ற ஆய்வுக்கு இதில் இன்னொரு நுட்பமான பயனும் உண்டு. பாலூட்டிகளில் கருவின் இரத்தத்தில் சேரும் நச்சுப்பொருள்களைத் தாயின் உடல் நச்சுக்கொடி வழியாக அகற்றிவிடுகிறது. ஃபீனைல்கீட்டோனூரியாவோடு பிறக்கும் குழந்தை பிறக்கும்போது நலமாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம். மீன் கருவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

குறைகளுக்கு வருவோம். பரிணாமத்தில் மீன்களின் மூதாதையில் மரபணுத் தொகுதி முழுதும் ஒருமுறை இரட்டித்ததால் பல மரபணுக்களுக்கு இரு படிகள் உள்ளன. ஒன்றை நீக்கினால் மற்றது சுமந்துகொள்ளலாம், இரண்டையும் நீக்கினால் செலவு இரட்டிக்கும். மரபணுவைத் தற்காலிகமாக அடக்கும் மார்ஃபோலினோ முறை மலிவானது; ஆனால் அம்முறையில் தெரிந்த குறைகள் பல, மரபணுவையே நிலையாக நீக்கிய மீன்களில் தோன்றவில்லை என்று 2015இல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே மார்ஃபோலினோ முடிவை மட்டும் வைத்துக் கட்டுரை எழுத இன்று முனைய வேண்டாம். முதல் ஐந்து நாள் குஞ்சு மஞ்சள்கருவை உண்டே வாழ்கிறது. உணவினால் தூண்டப்படும் நோய்கள் அதற்குள் வெளிப்படமாட்டா. நீரில் கலக்கும் மருந்தில் எவ்வளவு உடலுக்குள் சென்றது என்பதைத் தனியாக அளந்தால்தான் தெரியும்.

## பழ ஈ

மனித நோய் மரபணுக்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டுக்கு இணையான மரபணு பழ ஈயில் உண்டு என்பது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கு. ஈயின் மரபணுவை நீக்கி, அவ்விடத்தில் மனித மரபணுவை வைத்து ஈ பிழைக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். பிறகு நோயாளியின் பிறழ்வுடைய மனித மரபணுவை வைத்துப் பார்க்கிறார்கள். முதலாவதில் பிழைத்து இரண்டாவதில் பிழைக்காவிட்டால் பிறழ்வு தீங்கானது என்பதற்கு வலுவான சான்று கிடைத்துவிடுகிறது. பெயர் தெரியாத நோய்களுக்காக அமெரிக்காவில் இயங்கும் ஆய்வு வலையமைப்பு, ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் இப்பணியைச் செய்துவந்திருக்கிறது. நெருங்கிய உறவுத் திருமணங்கள் மிகுந்த தமிழ்நாட்டில், இரு நகலும் பழுதானால் மட்டுமே தோன்றும் ஒடுங்கு மரபு நோய்களும் புதிய பிறழ்வுகளும் மருத்துவர் முன் அடிக்கடி வருகின்றன. பல்கலைக்கழக விலங்கியல் துறை ஒன்றுடன் கைகோத்தால் மாதங்களில் விடை காணக்கூடிய கேள்வி இது.

எல்லைகளும் தெளிவானவை. ஈயின் இரத்தச் சர்க்கரை பெரும்பாலும் குளுக்கோஸ் அன்று, டிரெஹலோஸ் என்ற வேறொரு சர்க்கரை. அதற்குக் கல்லீரல் இல்லை, கொழுப்புத் திசுவும் வேறு சில செல்களும் அவ்வேலையைப் பகிர்கின்றன. கொலஸ்ட்ரால் உள்ளிட்ட ஸ்டெரால்களைத் தானே உருவாக்க இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். குருதிக்குழாய்களும் மூடிய அமைப்பில் இல்லை. கொலஸ்ட்ரால் உற்பத்தியையோ தமனி நோயையோ ஆராய ஈயிடம் செல்வதில் பொருளில்லை.

## பன்றி, நாய், பூனை

நீரிழிவு ஆய்வின் தொடக்கமே நாயில்தான்: 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கணையம் நீக்கப்பட்ட நாய்க்கு நீரிழிவு வந்தது, 1921இல் டொராண்டோவில் கணையச் சாறு நாய்களில் சோதிக்கப்பட்டது. இன்று பெரிய விலங்குகளுக்கான தேவை வேறுவகையானது. சுண்டெலியில் வராத சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரல் நோய், 2008இல் உருவாக்கப்பட்ட பன்றிகளில் வந்தது. குடலும் கணையமும் மனிதக் குழந்தைகளில் போலவே பாதிக்கப்பட்டன. சிதையாத சிக்கலான சர்க்கரைகள் செல்களில் தேங்கும் மியூக்கோபாலிசாக்கரைடோசிஸ் என்னும் நோய்கள் சில நாய்களிலும் பூனைகளிலும் இயற்கையாகவே தோன்றுகின்றன. முதல்வகைக்குரிய லாரோனிடேஸ், ஆறாம்வகைக்குரிய கால்சல்ஃபேஸ் ஆகிய நொதி மருந்துகள் 2003, 2005 ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒப்புதல் பெறுவதற்கு முன் அவ்விலங்குகளில்தான் நீண்டகாலம் ஆராயப்பட்டன. மூளையின் எல்லாப் பகுதிக்கும் மருந்து பரவுமா என்ற கேள்விக்கு, அரை கிராம் அளவுள்ள சுண்டெலி மூளை விடை தரவே முடியாது.

செலவைப் பற்றிச் சொல்வதானால், விலங்கின் விலை அதில் சிறுபகுதி. கொட்டில், தீவனம், கால்நடை மருத்துவர், மயக்கமருந்து வசதி, பன்றிக்கு 114 நாள் கருக்காலம், ஆய்வு முடிந்தபின் விலங்குக்கு மறுவாழ்வு அளிக்கும் பொறுப்பு என்று பட்டியல் நீள்கிறது. நான்கைந்து விலங்குகளை வைத்து எடுக்கும் முடிவின் புள்ளியியல் வலிமையும் குறைவு. ஒரு மாணவரின் ஆய்வுக்காலத்துக்குள் புதிதாக ஒரு பெருவிலங்கு மாதிரியைத் தொடங்குவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். ஏற்கெனவே அத்தகைய மந்தையை வைத்திருக்கும் குழுவோடு இணைவதே நடைமுறைக்கு உகந்தது.

## விலங்கே இல்லாமல்

நோயாளியின் தோல் செல்லையோ இரத்த செல்லையோ குருத்தணுவாக மாற்றி, அதிலிருந்து கல்லீரல் செல்லை வளர்க்கலாம். பிறழ்வு மனிதருடையது, செல்லும் மனிதருடையது. மாற்றுவழிச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. மருந்து ஒப்புதலுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை அமெரிக்கச் சட்டம் 2022 டிசம்பரில் தளர்த்தியது; இந்தியாவும் 2023இல் புதிய மருந்துகள் விதிகளைத் திருத்தி, விலங்கு சாராத முறைகளுக்கு இடமளித்தது. ஆனால் ஃபீனைல்கீட்டோனூரியாவில் நொதி இல்லாதது கல்லீரலில், கெடுவது மூளை. ஓர் உறுப்பின் குறை இன்னோர் உறுப்பைத் தாக்கும் இத்தகைய நோய்களில் தட்டில் வளரும் ஒற்றைவகைச் செல் பாதிக் கதையையே சொல்லும்.

## எந்த நிலையில் எது

புதிய பிறழ்வு தீங்கானதா என்பதே கேள்வியென்றால், நோயாளியின் செல்லோடும் பழ ஈயோடும் தொடங்கலாம். உறுப்பு உருவாவதில் கோளாறு தெரிந்தால் மீனைச் சேர்த்துக்கொள்ளலாம். கல்லீரல் நொதிக் குறைபாட்டுக்குச் சிகிச்சை தேடுவோர், மாற்றுவழி இல்லையென்று நூல்களில் உறுதிசெய்துகொண்டு சுண்டெலிக்குச் செல்லலாம். உணவு, நீரிழிவு, நடத்தை ஆகியவற்றை மாதக்கணக்கில் தொடரவேண்டியவர்களுக்கு எலி பொருத்தமானது. கொலஸ்ட்ரால் தொடர்பான மருந்தென்றால் மரபணு மாற்றிய சுண்டெலியோடு, கொலஸ்ட்ராலை உள்வாங்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதடைந்த ஜப்பானின் வட்டனபே முயல்களையும் கருதவேண்டும். மூளைக்குள் மருந்து செலுத்தும் திட்டமெனில் பெரிய விலங்கைத் தவிர்க்கமுடியாது.

பல கேள்விகளும் ஒரே நேரத்தில் அவசரமாக எழும்போது அவற்றைப் பங்கிட்டுக் கொடுப்பதும் ஒரு தெரிவுதான். அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் யூரியா சுழற்சியின் சிபிஎஸ்1 நொதி இன்றிப் பிறந்த ஒரு குழந்தைக்கு, பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் 2025இல் அக்குழந்தைக்கென்றே வடிவமைத்த மரபணுத் திருத்தச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறு மாதத்தில் முடிந்த அந்தத் தயாரிப்பில், எந்தத் திருத்தக் கருவி சரியாக வேலை செய்கிறது என்பதை வளர்ப்புச் செல்களும், கல்லீரலில் திருத்தம் நிகழ்கிறதா என்பதை அக்குழந்தையின் பிறழ்வைச் சுமந்த சுண்டெலிகளும், மருந்தின் பாதுகாப்பைக் குரங்குகளும் காட்டின.